பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற நாடு

காலைல வீட்ட விட்டுக் கிளம்பி பத்து நிமிஷம் நடந்தா ஒரு பாலம் வரும், கீழ மோசல் ஆறு, பாலத்துக்கு இந்தப் பக்கம் பெர்ல்னு ஒரு ஜெர்மன் ஊரு, அந்தப் பக்கம் ஷெங்கன்னு ஒரு லக்ஸம்பர்க் கிராமம், கொஞ்சம் தெக்கால திரும்புனா பிரான்ஸ். ஆமா, விசா ஸ்டிக்கர்ல பேரு இருக்குமே அதே ஷெங்கன் தான், நேர்ல பாத்தா திராட்சைத் தோட்டமும் பெட்ரோல் பங்க்கும் தவிர பெருசா ஒண்ணும் இல்லாத குட்டி ஊரு. நான் தெனமும் பாலத்த நடந்து தாண்டி அந்தப் பக்கம் பஸ் ஏறுவேன். கேட் கிடையாது, பாஸ்போர்ட் பாக்க ஆள் கிடையாது, பைக்குள்ள இருக்குற போன் தானா நெட்வொர்க் மாத்திக்கும், அதுக்கு எக்ஸ்ட்ரா காசும் கிடையாது, 2017 ஜூன் 15க்கு முன்னாடி இருந்துச்சு, ரோமிங் சார்ஜ்னு, ஆத்தோரமா நடந்தாலே போன் எதிர்க்கரை டவர புடிச்சிக்கிட்டு பில்லு ஏறும்னு இங்க பழைய ஆளுங்க இன்னும் கதை சொல்லுவாங்க.

அப்பா போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்வி. "ஏம்ப்பா, வீடு ஜெர்மனில, வேலை லக்ஸம்பர்க்ல, சரி. அப்ப இந்த யூரோப்பியன் யூனியன்ங்கிறாங்களே அது என்ன, ஒரு நாடா?" இல்லப்பா. "அப்ப நாடுங்க சேந்து வச்சிருக்குற சங்கமா?" அதுவும் சரியா வராதுப்பா. "என்னதான்டா அது?" நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லி சொதப்பியிருக்கேன். அதான் இந்தத் தடவை உக்காந்து எழுதிரலாம்னு. கொஞ்சம் நீளமா போகும், டீ காபி ஏதாவது எடுத்து வச்சிக்கோங்க.

வெளியூர்லேர்ந்து பாக்குறவங்களுக்கு இது ஏதோ அண்ணன் தம்பி பாசத்துல சேந்த கூட்டம் மாதிரி தெரியும். நீலக் கொடி, பன்னெண்டு நட்சத்திரம், 2012ல நோபல் அமைதிப் பரிசு வேற. நான் இங்க இருந்து பாத்து எனக்குத் தோணுறது நேர் எதிர். ஒருத்தர ஒருத்தர் துளி கூட நம்பாதவங்க, நம்பாமலே பக்கத்து பக்கத்துல குடித்தனம் பண்ணியாகணுமேன்னு போட்டுக்கிட்ட ஏற்பாடு இது. அப்படி நெனச்சு பாத்தா தான் இதுல இருக்குற பைத்தியக்காரத்தனம் எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் கிடைக்குது.

ராபர்ட் ஷூமன்னு ஒருத்தர். 1886ல லக்ஸம்பர்க்ல பொறந்தாரு, அவங்க அப்பா லொரைன் பகுதிக்காரரு, அந்தப் பகுதிய 1871ல ஜெர்மனி புடுங்கிக்கிட்டதால புள்ள பொறக்கும்போதே ஜெர்மன் குடிமகன், மொத உலகப் போர் முடிஞ்சு லொரைன் பிரான்ஸ் கைக்கு திரும்ப வந்ததும் அதே ஆளு பிரெஞ்சு குடிமகன், அங்க எம்பி ஆகி, ரெண்டாவது போருக்கு அப்புறம் பிரான்ஸோட வெளியுறவு மந்திரியே ஆயிட்டாரு. எல்லைக்கோடு மனுஷன் தலைக்கு மேல அப்பப்ப இடம் மாறிக்கிட்டே இருந்தா எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 1950 மே 9ம் தேதி அவர் ஒரு அறிக்கை படிச்சாரு, எழுதினதுல பெரும்பங்கு ழான் மொனேன்னு ஒருத்தரோடது. விஷயம் ரொம்ப சிம்பிள். பீரங்கி செய்ய நிலக்கரியும் எஃகும் வேணும். பிரான்ஸ், ஜெர்மனி ரெண்டோட நிலக்கரி, எஃகு உற்பத்தியையும் ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு அதிகாரத்துக்கு கீழ வச்சிட்டா, எவனும் பொழக்கடையில ரகசியமா ஆயுதம் செய்ய முடியாது, கணக்கு நோட்டு எல்லாரோட கண்ணு முன்னாடியும் இருக்கும். இதுல பாசம் எங்க இருக்கு சொல்லுங்க. பங்காளி சண்டை போட்ட ரெண்டு வீட்டுக்காரங்க அருவாள எல்லாம் ஒரு பொதுப் பெட்டில போட்டு பூட்டி சாவிய மூணாவது ஆள்கிட்ட குடுத்த கதை தான்.

அந்த மூணாவது ஆளு தான் இங்க முக்கியம். 1951ல ஒப்பந்தம் போட்டாங்க, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க்னு ஆறு நாடு. சும்மா மந்திரிங்க கூடி பேசி கலையிற கமிட்டியா இல்லாம, எந்த நாட்டுக்கும் கைகட்டி நிக்காத ஒரு ஆபீஸ் போட்டு, அது சொன்னா ஆறு அரசாங்கமும் கேக்கணும்னு எழுதி வச்சாங்க. அந்த ஆபீஸ் 1952ல ஆரம்பிச்சது நான் வேலைக்குப் போற லக்ஸம்பர்க் சிட்டில தான். 1957ல ரோம்ல அடுத்த ஒப்பந்தம், இந்தத் தடவை நிலக்கரிய தாண்டி மொத்த சந்தையும் பொது. இதுல ஒரு கூத்து உண்டு, கையெழுத்து போட்ட அந்த தடிப் புத்தகத்துல உள்ள பெரும்பாலும் வெத்துத்தாளாம், பிரின்ட் வேலை முடியலயாம், ஆறு நாட்டுப் பிரதிநிதிங்களும் ஒண்ணுமே எழுதாத தாளுக்கு கையெழுத்து வச்சிட்டு போனாங்க. ஒருத்தர ஒருத்தர் நம்பாதவங்கன்னு சொன்னேன்ல, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விதிவிலக்கு போல.

இப்ப 27 நாடு, ஏறக்குறைய 45 கோடி ஜனம், 24 ஆபீஷியல் மொழி.

சரி, நடைமுறைல எப்படி ஓடுது? சட்டம் போட மூணு பேரு வேணும். கமிஷன்னு ஒண்ணு பிரஸ்ஸல்ஸ்ல இருக்கு, நாட்டுக்கு ஒருத்தர்னு 27 கமிஷனர், சட்ட வரைவ முதல்ல எழுதி மேஜைக்கு கொண்டு வர்ற உரிமை அநேகமா இவங்களுக்கு மட்டும் தான். அப்புறம் பார்லிமென்ட், 720 சீட்டு, ஜனங்க நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்குறது, 1979லேர்ந்து அப்படி. மூணாவது கவுன்சில், அதுல ஒவ்வொரு நாட்டு மந்திரியும் உக்காருவாங்க, மீன் பத்தின பேச்சுன்னா மீன்வளத்துறை மந்திரிங்க, பணம்னா நிதி மந்திரிங்க. கமிஷன் எழுதினத பார்லிமென்ட்டும் ஒத்துக்கணும், கவுன்சிலும் ஒத்துக்கணும், அப்ப தான் சட்டம். இதுல பேரு குழப்பம் ஒண்ணு இருக்கு பாருங்க, யாரு வச்சாங்கன்னு தெரியல, வச்சவங்க கைய ஒடிக்கணும்: மந்திரிங்க உக்காருறது கவுன்சில், பிரதமருங்களும் ஜனாதிபதிங்களும் கூடுறது யூரோப்பியன் கவுன்சில், கவுன்சில் ஆஃப் யூரோப்னு இன்னொண்ணு இருக்கு, அது இந்த யூனியனே கிடையாது, தனி அமைப்பு, ஆனா கொடி மட்டும் ஒண்ணு. டிவில நியூஸ் வாசிக்கிறவங்களே மாத்தி சொல்லிருவாங்க.

கவுன்சில்ல ஓட்டு எண்ணுற விதத்துல தான் அந்த அவநம்பிக்கைய நேர்லயே பாக்கலாம். நாட்டுக்கு ஒரு ஓட்டுன்னு வச்சா எட்டு கோடிக்கு மேல ஜனம் உள்ள ஜெர்மனி ஒத்துக்குமா, அஞ்சரை லட்சம் சொச்சம் இருக்குற மால்டாவும் நாமளும் ஒண்ணான்னு கேக்கும். தலைக்கு ஒரு ஓட்டுன்னு வச்சா மால்டா ஏன் வந்து உக்காரணும், பெரியவங்க நாலு பேரு பேசி முடிச்சிருவாங்க. அதனால ரெண்டையும் சேத்து பண்ணாங்க: நாடுங்கள்ல 55 சதவீதம், அதாவது 15 நாடு, சம்மதிக்கணும், அந்த நாடுங்கள்ல மொத்த ஜனத்தொகையில 65 சதவீதம் இருக்கணும். அதுவும் போதாதுன்னு, ஒரு விஷயத்த தடுக்கணும்னா குறைஞ்சது நாலு நாடாவது சேரணும்னு ஒரு வரி, ஏன்னா பெரிய நாடு மூணு சேந்தா ஜனத்தொகை கணக்க வச்சே எல்லாத்தையும் முடக்கிரும். பார்லிமென்ட்லயும் இதே மாதிரி தான், ஜெர்மனிக்கு 96 சீட்டு, மால்டாவுக்கு 6. தலைக்கணக்கு பாத்தா மால்டாக்காரன் ஓட்டுக்கு ஜெர்மன்காரன் ஓட்ட விட எத்தனையோ மடங்கு எடை. நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல. ஆனா சின்னவன் கதவ சாத்திட்டு போகாம இருக்கணும்னா பெரியவன் கொஞ்சம் சுருங்கி உக்காரணும், வேற வழி இல்ல.

அப்புறம் இருக்கு வீட்டோ. வரி, வெளியுறவுக் கொள்கை, புதுசா ஒரு நாட்ட உள்ள சேக்குறது, இதுக்கெல்லாம் 27 பேரும் தலையாட்டணும், ஒருத்தர் முடியாதுன்னா முடிஞ்சது. 2023 டிசம்பர்ல உக்ரைன உள்ள சேக்குற பேச்சுவார்த்தைய ஆரம்பிக்கலாமான்னு தலைவருங்க கூட்டம், ஹங்கேரி பிரதமர் ஓர்பான் ஒத்துக்கவே மாட்டேன்னு நிக்கிறாரு. கடைசில என்ன பண்ணாங்க தெரியுமா, அவரு ரூம விட்டு வெளிய போனாரு, மிச்சம் 26 பேரும் முடிவெடுத்துட்டாங்க. எதிர்த்து ஓட்டும் போடல, சம்மதமும் சொல்லல, ஆளே அங்க இல்ல. காபி குடிச்சிட்டு வாங்களேன்னு ஜெர்மன் சான்ஸலர் ஷோல்ஸ் தான் யோசனை குடுத்தாருன்னு பத்திரிகைங்கள்ல வந்துச்சு. ஒரு கண்டத்தோட தலையெழுத்து காபி பிரேக்ல முடிவாகுது. சிரிப்பா தான் இருக்கு, ஆனா 1965ல பிரான்ஸ் அதிபர் டி கோல் கோவிச்சுக்கிட்டு ஏழு மாசம் தன் ஆளுங்கள மீட்டிங்குக்கே அனுப்பாம காலி நாற்காலி போட்டு மொத்த கடையையும் முடக்கினத பாக்கும்போது, காபி எவ்வளவோ தேவல.

நாடு கூட இல்லாத ஒரு பகுதியும் முடக்கலாம். கனடாவோட வர்த்தக ஒப்பந்தம் பேச ஆரம்பிச்சது 2009ல, ஏழு வருஷம் பேசி 2016 அக்டோபர்ல கையெழுத்து போடுற நேரம், பெல்ஜியம் கையெழுத்து போட முடியாதுன்னுச்சு, ஏன்னா பெல்ஜியம் சட்டப்படி அதுக்கு உள்ள இருக்குற வலோனியா மாநிலம் சம்மதிக்கணும், வலோனியா சம்மதிக்கல. 36 லட்சம் பேரு இருக்குற மாநிலம். ஒண்ணு ரெண்டு வாரம் அத்தன பேரும் அவங்க வாசல்ல காத்துக் கெடந்து, விளக்கமா ஒரு பத்திரம் சேத்து எழுதிக் குடுத்து, அப்புறம் தான் காரியம் நடந்துச்சு.

பார்லிமென்ட் ஊர் ஊரா அலையிறதும் இந்தக் கணக்கு தான். வேலை எல்லாம் பிரஸ்ஸல்ஸ்ல, ஆனா வருஷத்துக்கு பன்னெண்டு தடவை மொத்த கூட்டமும் ஃபைலு பெட்டியோட ஸ்ட்ராஸ்பர்க் போகும், நாலு நாள் உக்காந்துட்டு திரும்பி வரும், செயலகத்துல ஒரு பகுதி லக்ஸம்பர்க்ல. பணத்துக்கு புடிச்ச கேடுன்னு எம்பிங்களே திட்டுறாங்க. மாத்தவும் முடியாது, அது ஒப்பந்தத்துலயே எழுதியாச்சு, ஒப்பந்தத்த திருத்த 27 பேரும் ஒத்துக்கணும், அந்த 27ல பிரான்ஸும் ஒண்ணு, ஸ்ட்ராஸ்பர்க் பிரான்ஸ்ல இருக்கு. முடிஞ்சுதா.

இந்த ஏற்பாட்டுல எனக்கு ரொம்பப் புடிச்சது கோர்ட்டு. லக்ஸம்பர்க் சிட்டில கிர்ஷ்பர்க் மேட்டுல தங்கக் கலர்ல டவர் நிக்கும், அது தான் யூனியனோட நீதிமன்றம். ராணுவம் கிடையாது, போலீஸ் கிடையாது, ஆனா மூணு நாலு சில்லறை வழக்க வச்சு இந்த கண்டத்தையே மாத்திப் போட்டுச்சு. சில்லறைன்னா நெஜமாவே சில்லறை. இத்தாலில மிலான்ல ஃப்ளாமினியோ கோஸ்தான்னு ஒரு வக்கீலு, கரண்ட் கம்பெனிய அரசாங்கம் தேசியமயமாக்கினது அவருக்குப் புடிக்கல, கரண்ட் பில்லு கட்ட மாட்டேன்னுட்டாரு, பில்லு தொகை 1,925 லிரா, அவ்வளவு தான். வழக்கு சுத்தி சுத்தி லக்ஸம்பர்க் வந்துச்சு. 1964ல கோர்ட்டு சொல்லிச்சு, ஐரோப்பிய சட்டமும் ஒரு நாட்டோட சொந்த சட்டமும் மோதினா ஐரோப்பிய சட்டம் தான் நிக்கும். ஒப்பந்தத்துல அப்படி ஒரு வரி தெளிவா எங்கயும் இல்ல. ஆனா அப்படி இல்லேன்னா ஒவ்வொரு நாடும் பொதுவா ஒத்துக்கிட்டத வீட்டுக்குப் போயி தனியா ஒரு சட்டம் போட்டு அழிச்சிருமே, அப்புறம் ஒப்பந்தம் எதுக்குன்னு கேட்டாங்க. ஒரு கரண்ட் பில்லு.

1979ல இன்னொண்ணு. பிரான்ஸ்ல கசீஸ்னு கருப்பு திராட்சை மாதிரி ஒரு பழத்துல செய்யிற மது, 15லேர்ந்து 20 சதவீதம் ஆல்கஹால். ஜெர்மனில ஒரு கம்பெனி அத இறக்குமதி பண்ணப் போனா, ஜெர்மன் அரசாங்கம் எங்க சட்டப்படி பழ மது 25 சதவீதமாவது இருக்கணும், கம்மியா இருந்தா விக்க முடியாதுன்னுச்சு, போதாக்குறைக்கு இது ஜனங்க உடல்நலத்துக்காகன்னு ஒரு காரணம், அதாவது ஸ்ட்ராங்கா இல்லாத சாராயம் உடம்புக்கு ஆகாதாம்! கோர்ட்டு தூக்கிப் போட்டுச்சு. ஒரு நாட்டுல சட்டப்படி செஞ்சு வித்த பொருள இன்னொரு நாட்டுல விக்கவும் தடுக்கக் கூடாது, ரொம்ப நியாயமான காரணம் இருந்தா ஒழிய. இதோட முக்கியத்துவம் எனக்கே லேட்டா தான் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி சந்தைய ஒண்ணாக்கணும்னா ஒவ்வொரு பொருளுக்கும் எல்லா நாடும் உக்காந்து பேசி பொது விதி எழுதணும், ஜாம்னா ஜாமுக்கு ஒண்ணு, தேன்னா தேனுக்கு ஒண்ணு, வருஷக்கணக்குல இழுக்கும். இந்தத் தீர்ப்புக்கு அப்புறம் பாதி வேலை மிச்சம், உன் விதிய நான் ஏத்துக்கிறேன், என் விதிய நீ ஏத்துக்கோ. அதுக்கு மேல தேவையானதுக்கு மட்டும் பொது விதி. அப்படி ஒரு 300 சட்டம் போட்டு 1993 ஜனவரி 1ல ஒற்றைச் சந்தைய தொறந்தாங்க, சரக்கு, சேவை, பணம், ஆளு நாலும் எல்லை பாக்காம போகலாம்.

பொது விதின்னதும் வெள்ளரிக்கா ஜோக்கு வந்துரும். வெள்ளரிக்கா எவ்வளவு வளைஞ்சிருக்கலாம்னு 1988ல சட்டம் போட்டது உண்மை தான், முதல் தரம்னா பத்து சென்டிமீட்டருக்கு பத்து மில்லிமீட்டர் வரைக்கும் வளையலாம். பிரஸ்ஸல்ஸ்காரனுக்கு வேற வேலை இல்லன்னு இங்கிலாந்து பத்திரிகைங்க வருஷக்கணக்கா ஓட்டுனாங்க. ஆனா யாவாரிங்க கோணத்துல பாத்தா, இன்னொரு நாட்டுலேர்ந்து பாக்காமலே ஆர்டர் போடுறவனுக்கு ஒரு பெட்டில எத்தனை காய் அடங்கும்னு தெரியணும்ல. 2009ல அந்த விதிய எடுத்துட்டாங்க, ஜோக்கு மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கு.

என் சொந்தக் கதைக்கு வர்றேன். பாலம் தாண்டுறது ஈசின்னு சொன்னேன், ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இது தெரியாம நிறைய பேரு ஏமாறுறாங்க. நான் பழைய பாஸ்போர்ட்ல ஜெர்மனில குடியிருந்தப்ப ஷெங்கனுக்கு நடந்து போகலாம், சுத்திப் பாக்கலாம், திரும்பி வரலாம், ஆனா அங்க போயி வேலை பாக்க முடியாது, அதுக்குத் தனியா லக்ஸம்பர்க் பெர்மிட் வேணும். ஷெங்கன் ஒப்பந்தம்ங்கிறது எல்லையில செக்கிங் இல்லாம நடந்து தாண்டுறதுக்கு மட்டும். வேலை பாக்குற உரிமை யூனியன் குடிமக்களுக்கு. யூனியன் குடியுரிமைக்குன்னு அப்ளிகேஷன் ஃபார்ம் எதுவும் கிடையாது, 27ல ஏதாவது ஒரு நாட்டுக் குடிமகனா இருந்தா தானா வந்துரும், 1993ல இதுக்கு யூனியன்னு பேரு வச்ச மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததுலேர்ந்து அப்படி. நான் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கின பிறகு தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேலை தேடினேன். அதே பாலம், அதே நடை, பைல இருக்குற சின்ன புக்கு தான் வேற.

என்ன மாதிரி எல்லை தாண்டி லக்ஸம்பர்க் வேலைக்குப் போறவங்க ரெண்டு லட்சத்துக்கு மேல. வேலை பாக்குற நாட்டுல தான் சோஷியல் இன்சூரன்ஸ் கட்டணும், ஆனா வீட்டுப் பக்கத்து ஜெர்மன் டாக்டர்கிட்டயும் போகலாம், ரெண்டு நாட்டு ஆபீஸும் அவங்களுக்குள்ள கணக்கு தீத்துக்கும். லக்ஸம்பர்க் ஒரு காலத்துல காலேஜ் படிக்கிற பசங்களுக்கான உதவித்தொகைய உள்ளூர்ல குடியிருக்குறவங்களுக்கு மட்டும்னு வச்சிருந்துச்சு, எங்கள மாதிரி எல்லை தாண்டி வர்றவங்க புள்ளைங்களுக்கு கிடையாது, 2013ல அதே தங்க டவர் கோர்ட்டு இப்படி ஒதுக்குறது தப்புன்னு சொல்லிருச்சு. தன் ஊருல இருக்குற கோர்ட்டு தனக்கே ஆப்பு வச்சத லக்ஸம்பர்க்காரங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு நான் ஆபீஸ்ல கேட்டுப் பாத்திருக்கேன். முகத்த சுளிச்சாங்க, சட்டத்த மாத்தினாங்க, அவ்வளவு தான்.

ஆனா வரி மட்டும் யூனியன் கைல இல்ல. அது இங்க வீட்டுலேர்ந்து வேலை பாத்தா தான் உறைக்கும். நான் பெர்ல்ல என் வீட்டு மேஜைல லேப்டாப்ப தொறந்தா அந்த நாள் சம்பளம் ஜெர்மனில சம்பாதிச்சதா ஆயிரும், ஜெர்மனிக்கு வரி. ரெண்டு நாடும் பேசி, வருஷத்துக்கு 34 நாள் வரைக்கும் கண்டுக்க வேணாம்னு 2024லேர்ந்து வச்சிருக்காங்க, அதுக்கு முன்னாடி 19 நாள் தான். ஒரு வருஷம் நான் சரியா எண்ணாம விட்டுட்டு, ஒரு ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்து, எந்தெந்த நாள் எந்த நாட்டுல எந்த நாற்காலில உக்காந்திருந்தேன்னு காலண்டர் போட்டு எழுதி அனுப்பினேன், பஸ் டிக்கெட்ட காட்டி நிரூபிக்கலாம்னா 2020 பிப்ரவரி 29லேர்ந்து லக்ஸம்பர்க்ல பஸ்ஸே ஃப்ரீ, டிக்கெட்டே கிடையாது. ஷெங்கன்ல அத்தன பெட்ரோல் பங்க் ஏன் வரிசையா நிக்குதுன்னா அதுவும் இதனால தான், லக்ஸம்பர்க்ல பெட்ரோல் வரி கம்மி, மூணு நாட்டு வண்டியும் அங்க தான் டேங்க நிரப்பும்.

யூனியனுக்கு சொந்தமா இருக்குற பணம் ரொம்ப கம்மி. உறுப்பு நாடுங்களோட மொத்த வருமானத்துல 1 சதவீதத்த ஒட்டி தான் பட்ஜெட், 2021லேர்ந்து 2027 வரைக்கும் ஏழு வருஷத்துக்கு சேத்து சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் கோடி யூரோ, அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு விவசாயத்துக்கு. கேக்க பெருசா இருக்கும், ஆனா வருஷத்துக்குன்னு பிரிச்சு, ஜெர்மனி அரசாங்கம் மட்டும் ஒரு வருஷத்துல செலவு பண்றதோட வச்சுப் பாத்தா இது கம்மி தான். அதனால யூனியன் செலவு பண்ணி ஆளுறதில்ல, விதி போட்டு ஆளுது. உங்க போனுக்கு எந்த சார்ஜர், உங்க டேட்டாவ யாரு எடுக்கலாம், எல்லாம் விதி. இந்த யூனியன்ல சேராதவன் கூட அந்த விதிப்படி தான் செஞ்சு விக்கிறான், 45 கோடி பேரு சந்தைய யாரு விடுவா.

இந்த இடத்துல தான் யூரோ இடிக்குது. 1999ல கணக்குல மட்டும் ஆரம்பிச்சு, 2002 ஜனவரி 1ல நோட்டும் காசுமா கைக்கு வந்துச்சு. இப்ப 21 நாடு, கடைசியா 2026 ஜனவரில பல்கேரியா. ஸ்வீடன் 2003ல ஓட்டு போட்டு வேணாம்னுருச்சு, டென்மார்க் ஆரம்பத்துலயே எழுதி வாங்கிருச்சு. பணம் ஒண்ணு, ஆனா வரியும் கடனும் அவங்கவங்க பாடு. அதுக்கும் அவநம்பிக்கை விதி இருந்துச்சு, நாட்டோட மொத்த உற்பத்தியில வருஷப் பற்றாக்குறை 3 சதவீதம், மொத்தக் கடன் 60 சதவீதம், தாண்டினா தண்டனை. யாரு தாண்டினாங்க தெரியுமா? ஜெர்மனியும் பிரான்ஸும். 2003ல மத்த நிதி மந்திரிங்க கூடி தண்டனைய நிறுத்தி வச்சிட்டாங்க. பெரியவன் தாண்டினா சும்மா விட்ட பிறகு சின்னவன் பயப்படுவானா.

2009 கடைசில கிரீஸ்ல புது அரசாங்கம் வந்து கணக்க தொறந்தா, முன்னாடி சொன்னத விட பற்றாக்குறை பல மடங்கு, திருத்தி திருத்தி கடைசில 15 சதவீதத்துக்கு மேல போச்சு. சொந்தக் காசு இருந்தா ஒரு நாடு அதோட மதிப்ப இறக்கி ஏற்றுமதிய தூக்கி ஒப்பேத்தலாம், யூரோல அது முடியாது, காசு அச்சடிக்கிற மெஷினு ஃப்ராங்க்ஃபர்ட் சென்ட்ரல் பேங்க் கைல. கடன் குடுத்தாங்க, கூடவே பென்ஷன வெட்டு, சம்பளத்த வெட்டுன்னு நிபந்தனையும் குடுத்தாங்க, 2010, 2012, 2015னு மூணு தவணை. 2015 கோடைல பேங்க்க மூடி, ஏடிஎம்ல ஒரு நாளைக்கு 60 யூரோ தான்னு ஆச்சு, ஜூலை 5ல ஓட்டெடுப்புல 61 சதவீதம் பேரு நிபந்தனை வேணாம்னு சொன்னாங்க, ஒரு வாரத்துல அதே அரசாங்கம் அதே மாதிரி நிபந்தனைக்கு தலையாட்டுச்சு. ஜனங்க சொன்னது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. இந்த யூனியன நான் எவ்வளவு தூக்கிப் பேசினாலும் அந்த ஒரு வாரத்த நெனச்சா எனக்கு தொண்டையில ஏதோ நிக்கும். ஜெர்மன் நண்பர்கள்கிட்ட சொன்னா எங்க வரிப்பணம்ப்பான், அவன் சொல்றதும் பொய் இல்ல. காச மட்டும் ஒண்ணாக்கிட்டு வரவு செலவ தனித்தனியா வச்சா இப்படி தான். 2020 கொரோனா வந்தப்ப தான் கொஞ்சம் இறங்கி வந்தாங்க, 75 ஆயிரம் கோடி யூரோ வரைக்கும் யூனியன் பேருலயே கடன் வாங்கி பங்கு போடலாம்னு, திருப்பிக் கட்ட 2058 வரைக்கும் கெடு.

வெளிய போறதும் உண்டு. இங்கிலாந்து கதை எல்லாருக்கும் தெரியும், 2016ல ஓட்டெடுப்புல 51.9 சதவீதம் பேரு வெளிய போகலாம்னாங்க, 2020 ஜனவரி 31ல கிளம்பிட்டாங்க. ஆனா அவங்களுக்கு முன்னாடியே போன ஆளு கிரீன்லாந்து, 1985ல. காரணம் மீன். டென்மார்க்கோட சேந்து உள்ள வந்தாங்க, பொது மீன்பிடி விதி வந்ததும் எங்க கடல்ல வந்து மத்தவன் வலை போடுறதான்னு ஓட்டு போட்டு வெளிய போயிட்டாங்க. நார்வே ரெண்டு தடவை, 1972லயும் 1994லயும், உள்ள வரவே மாட்டேன்னு ஓட்டு போட்டுச்சு, அங்கயும் மீன் ஒரு பெரிய காரணம். ஆனா சந்தை வேணும்ல, அதனால யூனியன் விதி முக்காவாசிய எடுத்து அமல்படுத்துது, காசும் கட்டுது, ஓட்டு மட்டும் கிடையாது. சங்கத்துல சேராம சந்தா கட்டுற கதை.

எல்லை திரும்பி வராதுன்னும் சொல்ல முடியாது. 2020 மார்ச்ல கொரோனானு ஜெர்மனி எல்லைய அடைச்சப்ப, இங்க ஆத்து மேல இருக்குற சின்னச் சின்னப் பாலங்கள்ல பல இடத்துல தடுப்பு போட்டாங்க, வேலைக்குப் போறவங்க கம்பெனி லெட்டர் வச்சுக்கணும். லக்ஸம்பர்க் ஆஸ்பத்திரி நர்ஸுங்கள்ல பெரும்பங்கு எல்லை தாண்டி வர்றவங்க, திரும்பி வர முடியாம போயிருமோன்னு அவங்களுக்கு அரசாங்கமே ஓட்டல் ரூம் ஏற்பாடு பண்ணுச்சு. மே மாசம் எடுத்தாங்க. 2024 செப்டம்பர்ல திரும்பவும், இந்தத் தடவை அகதிங்க வர்றாங்கன்னு, எல்லா நில எல்லையிலயும் செக்கிங், ஆறு மாசத்துக்குன்னு ஆரம்பிச்சு நீட்டிக்கிட்டே போறாங்க. லக்ஸம்பர்க் கோவமா லெட்டர் எழுதுது. ஹைவேல சாயங்காலம் வண்டி வரிசை நிக்கும், போலீஸ்காரங்க குனிஞ்சு முகத்த பாப்பாங்க, யாரு முகத்த கொஞ்சம் அதிக நேரம் பாப்பாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

போன வருஷம் அப்பா வந்திருந்தாரு. பாஸ்போர்ட்ல ஒரே ஒரு ஸ்டிக்கர், ஜெர்மன் தூதரகம் குடுத்தது, 29 நாட்டுக்கு செல்லும். கூட்டிட்டுப் போயி பாலத்து நடுவுல நிறுத்தி, அப்பா, 1985 ஜூன் 14ல இந்த ஆத்துல ஒரு கப்பல்ல உக்காந்து தான் அந்த ஷெங்கன் ஒப்பந்தம் போட்டாங்க, அஞ்சு நாடு, பெரிய மந்திரிங்க யாரும் வரக் கூட இல்ல, இணை மந்திரி லெவல்ல அனுப்பி வச்சாங்க, இது எங்க வெளங்கப் போகுதுன்னு தான் நெனச்சாங்கன்னு சொன்னேன். அவரு அதெல்லாம் காதுல வாங்கல, கைப்பிடிய புடிச்சுக்கிட்டு கீழ தண்ணிய பாத்துட்டு இருந்தாரு.

"இப்ப நாம எந்த நாட்டுல நிக்கிறோம்?"

கோடு எங்கன்னு தேடுறாருன்னு புரிஞ்சுது. கோடே இல்லப்பா, இந்த ஆறு ஜெர்மனிக்கும் லக்ஸம்பர்க்குக்கும் சேத்து பொது, நடுவுல பிரிக்கல, கரைலேர்ந்து கரை வரைக்கும் ரெண்டு பேருக்கும் முழுசா சொந்தம், 1816லேர்ந்தே அப்படி, யூனியன் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியேன்னேன்.

கொஞ்ச நேரம் யோசிச்சாரு.

"அப்ப மீனு யாருக்கு?"

லைசென்ஸ் எடுத்தவங்களுக்குப்பா, எல்லை ஆத்துக்குன்னே தனி லைசென்ஸ் இருக்கு, அதுக்கு ரெண்டு நாடும் சேந்து தனியா ஒப்பந்தம் போட்டிருக்கு.

"அதானே பாத்தேன்," அப்படின்னுட்டு அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிட்டாரு.